பெயர் சொல்லா மருந்து

மகவீன்ற அணிமையைச் சுட்டத் தமிழில் தனிச்சொல்லே இருந்தது. புனிறு என்பது அச்சொல். தொல்காப்பியத்தின் உரியியல் அதனை எடுத்துப் பொருள் கூறுகிறது. அண்மையில் கன்று ஈன்ற பசுவுக்குப் புனிற்றா என்று பெயர். நற்றிணையின் 40ஆம் பாட்டில் மகன் பிறந்த வீடொன்று வருகிறது. செவிலியோடு குழந்தை துயில்கிறது. ஐயவி பூசி, நெய்யாடிய தாயும் கண்ணயர்ந்திருக்கிறாள். அப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்று நம் கண்ணில் படுவதுண்டு. அங்கே மருந்தும் மணமும் உள்ளன. ஆனால் எல்லாம் மேனிக்குப் புறத்தே. தாயின் வாயில் எவரும் எதையும் ஊற்றவில்லை. அவளை உறங்க விட்டிருக்கிறார்கள். (ஒரு பாட்டை வைத்துக்கொண்டு சங்கத்தார் இலேகியமே உண்டதில்லை என்று முடிவு கட்டுவதற்கில்லை. அத்தகைய ஆராய்ச்சிகள் நம்மிடையே ஏற்கெனவே மிகுதி.)

புனிறு என்ற சொல் வழக்கொழிந்தது. அந்நிலையில் உள்ள பெண்ணை உறங்க விடும் வழக்கமும் கூடவே ஒழிந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. பிள்ளை பார்க்க வருவோர் கேட்கும் முதற்கேள்வி, “என்னம்மா, பால் ஊறுதா?” என்பதே. பதில் சற்றுத் தயங்கி வந்தால் போதும். அத்தை ஒரு சூரணம் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கஷாயம் சொல்வார். கைப்பேசி வழியே, தாய்ப்பால் பெருக்கும் மூலிகைத் தேநீர் என்று ஒரு தகரக்குவளை வீடு தேடி வரும். குவளையின் மேல் பச்சை இலை ஒன்றும் “நூறு விழுக்காடு இயற்கை, பக்க விளைவு அற்றது” என்ற வாசகமும் இருக்கும். உள்ளே என்னென்ன, எவ்வளவு என்பது பூதக்கண்ணாடிக்கு உரியது.

இலக்கியம் கற்பிப்போர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலைகள் உண்டு. நம் மருத்துவம் பெரும்பாலும் செய்யுளில் எழுதப்பட்டது. அகத்தியர் பெயராலும் தேரையர் பெயராலும் வழங்கும் பாட்டுகளைப் பொருள்கொள்வது மருத்துவர்க்கு மட்டும் உரிய தொழிலாகாது. மற்றொன்று, இங்கே நடக்கும் ஏமாற்று முதலில் சொல்லில் நடக்கிறது. “இயற்கை” என்ற சொல்லைப் பாருங்கள். எட்டிக்காயும் இயற்கை, அரளி விதையும் இயற்கை. ஊரில் இவ்விரண்டையும் அறியாதார் இல்லை. இருந்தும் அதே சொல் குவளையின் மேல் ஏறியதும் அதற்குத் தீங்கின்மை என்ற பொருள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

நாம் பூண்டையும் வெந்தயத்தையும் பழிக்க வரவில்லை. பேறுகாலப் பத்தியம் என்பது பெரும்பகுதி சமையல்தான். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, வெந்தயக் களி, மிளகு ரசம், முருங்கைக்கீரை ஆகியவை சோற்றோடு சேரும் அளவில் எவர்க்கும் கேடு செய்வன அல்ல. பூண்டைப் பற்றி ஓர் இனிய செய்தி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் ஆய்வு மையத்தார் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு உட்கொண்ட இரண்டு மணி நேர அளவில் பாலில் அதன் மணம் மிகுந்து தெரிந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, மார்பை விடாமல் வழக்கத்தைவிட நெடுநேரம் பற்றியிருந்தன. நம் பாட்டிமார் கேட்டால் இதற்கு ஓர் ஆய்வு வேண்டுமா என்று சிரித்திருப்பர். ஆனால் இந்த ஆய்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. தாய் தின்பது பாலுக்குப் போகிறது. மணம் போகும் வழியில் மற்றவையும் போகும்.

மூலக்கூறு சிறியதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருந்தால் எளிதில் போகும். பெறுகிற உயிரோ மூன்று கிலோ எடை. அதன் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழு வேலைக்கு வராதவை. குறைமாதப் பிள்ளையானால் நிலைமை இன்னும் கடினம். நமக்கு ஒரு மணி நேரத்தில் கழிந்துபோகும் பொருள் அவ்வுடலில் நாட்கணக்கில் தங்கக்கூடும். ஆகவே அளவுதான் கேள்வி. குழம்பில் ஒரு தேக்கரண்டி வெந்தயம் உணவு. அதையே கூட்டில் அடைத்து நாளைக்குச் சில கிராம் என்று வாரக்கணக்கில் விழுங்கினால் மருந்து. அது சர்க்கரையைக் குறைக்கும். ஆகவே நீரிழிவுக்கு மருந்துண்ணும் தாய் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வார்பாரின் போன்ற குருதி உறையாமைக்கான மருந்தின் வேலையை மிகுவிக்கும். வயிற்றுப்போக்கு வரலாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்க்கு வெந்தயமும் ஒவ்வாமற் போகலாம். ஒரு வேடிக்கையும் உண்டு: வெந்தயம் மிகுந்தால் வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு மணம் வரும். அதே மணம் மேப்பிள் பாகுச் சிறுநீர் நோய் என்ற அரிய பிறவிக் கோளாற்றிலும் வருவதால், மருத்துவர்கள் பச்சிளங்குழந்தைக்கு அந்நோய் என்று ஐயுற்றுக் கலங்கிய நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

தேநீர் என்றால் சாதுவான பண்டம் என்று நினைப்பவர்க்காக ஒன்று சொல்ல வேண்டும். 1994இல் ஆக்டா பீடியாட்ரிகா என்ற குழந்தை மருத்துவ இதழில் இத்தாலிய மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினர். இரண்டும் பிறந்து மூன்று வாரம் ஆகாதவை. உடல் துவண்டு, அழுகுரல் தேய்ந்து, பால் குடிக்க வலுவின்றிக் கொண்டுவரப்பட்டன. தொற்று ஏதும் இல்லை. விசாரித்ததில் இரு தாய்மாரும் பால் பெருகட்டும் என்று ஒரு மூலிகைத் தேநீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடித்துவந்தது தெரிந்தது. அதில் இருந்தவை அதிமதுரம், பெருஞ்சீரகம், சோம்பு, கலேகா என்னும் ஐரோப்பியச் செடி. தேநீரை நிறுத்தியதும் ஓரிரு நாளில் குழந்தைகள் தேறின. முதல் மூன்று பண்டங்களும் நம் அஞ்சறைப்பெட்டியிலும் நாட்டுமருந்துக் கடையிலும் இருப்பவைதாம். அவற்றில் நஞ்சு என்று எதையும் சுட்ட முடியாது. இரண்டு லிட்டர் என்பதுதான் நஞ்சு. அத்தாய்மார் பேராசையால் குடித்தவர்களா என்ன? பிள்ளைக்குப் பால் போதவில்லை என்ற அச்சத்தில் குடித்தவர்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இதில் நமக்குத் தொழில்முறை உரிமை உண்டு. சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம், காட்டுச்சீரகம் எல்லாம் வேறு வேறு செடிகள். சோம்பு என்று ஒரு கடையில் கேட்டால் பெருஞ்சீரகம் கிடைக்கும். அகராதியில் பார்த்தால் அது வேறொன்று. செய்யுளில் எதுகைக்காக ஒரு செடிக்குப் பத்துப் பெயர் வரும். பத்துச் செடிக்கு ஒரு பெயரும் வரும். பழைய நூல்களில் வாசனைப் பண்டமாக வரும் தக்கோலம் என்ற பெயரை இன்று பிரியாணிக்கு இடும் அன்னாசிப்பூவுக்கும் வழங்குகிறோம். அந்த அன்னாசிப்பூவிலும் இரு வகை உண்டு. சீன வகை சமையலுக்கு உரியது; ஜப்பானிய வகை வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. காய்ந்தபின் கண்ணால் பிரித்தறிவது அரிது. குழந்தையின் வயிற்று வலிக்கு அன்னாசிப்பூத் தேநீர் புகட்டும் வழக்கம் அமெரிக்காவில் சில சமூகத்தாரிடம் இருந்தது. 2003 செப்டம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் அத்தேநீரைக் குடிக்கவே வேண்டாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 40 பேர் வலிப்பு, வாந்தி முதலியவற்றால் துன்புற்றிருந்தனர். அவர்களுள் 15 பேர் அளவில் கைக்குழந்தைகள். ஒரு பெயர், இரண்டு செடி, அவ்வளவே காரணம்.

பெயரைப் பற்றிப் பேசும்போது வசம்பை விட முடியாது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு ஒரு பெயர். விளக்கு வைத்தபின் அதன் பெயரை வாயால் சொல்லலாகாது என்று கருதிப் பெயர் சொல்லா மருந்து என்றும் வழங்கினர். சொல்லில் இத்தனை மதிப்புப் பெற்ற பண்டம் வேறு உண்டா? வசம்பைச் சுட்டு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றோடு கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவதே உரை மருந்து. தாயின் வழியாகவும் போகாமல் நேரே பிள்ளைக்குப் போகும் மருந்து இது. வசம்பின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அது கட்டிகளை உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா உணவில் வசம்பைச் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. வட அமெரிக்க வசம்பில் அப்பொருள் இல்லை. இந்திய வசம்பில்தான் மிகுதி. ஜாதிக்காயோ அளவு மீறினால் மயக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தருவது. “உரை மருந்து குடுத்தா புள்ள நல்லாத் தூங்குது” என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். தூங்கும் பிள்ளை பால் குடிக்காது. குடிக்காத மார்பில் பால் குறையும். பால் குறைந்தால் மறுபடி சூரணம். ஒரு சுற்று முடிந்தது.

உலக நல நிறுவனம் 2001 முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றையே கொடுக்கச் சொல்லி வருகிறது. தண்ணீரும் வேண்டாம் என்பது அதன் கருத்து. உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய் எல்லாம் இதற்குள் அடங்கும். பாட்டி கொடுத்தாலும் அடங்கும்.

இனிப் பால் பெருகுமா என்ற கேள்வி. 2020இல் காக்ரேன் தொகுப்பாய்வாளர்கள் 41 ஆய்வுகளை, 3005 தாய்மாரை உள்ளடக்கியவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். வெந்தயம், முருங்கை, வாழைப்பூ முதலியன ஓரளவு உதவக்கூடும். ஆனால் சான்றின் உறுதி மிகக் குறைவு என்பதே அவர்கள் கண்டது. துருக்கியில் 2011இல் வெளியான 66 தாய்மாரைப் பற்றிய சிறு ஆய்வொன்றில் வெந்தயத் தேநீர் குடித்தவர்க்கு முதல் வாரத்தில் பால் கூடியிருந்தது. நம் நாட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கை வைத்து 1996இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்விலோ வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அந்தக் கிழங்குதான் சதாவேரி என்ற வடமொழிப் பெயரோடு இன்று குவளை குவளையாக விற்கிறது. ஒருபுறம் உதவக்கூடும் என்ற ஊகம். மறுபுறம் விளம்பரத்தில் “உறுதி” என்ற சொல். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க அப்பெண்ணின் பணமும் நம்பிக்கையும் செலவாகின்றன.

நாட்டு வழக்கெல்லாம் பொய் என்று துள்ளுவோர்க்கும் ஒரு செய்தி உண்டு. பால் கட்டிக்கொண்டு துன்புறும் பெண்ணின் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். மகவை இழந்த தாய்க்கும் அதையே செய்வர். அக்காட்சியைப் பார்த்தவர் மறவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இவ்வழக்கத்தை எடுத்துக்கொண்டு, பால் வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் எழுதினர். குருதியில் புரோலாக்டின் சுரப்பைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. ஆனால் பாலை அடக்குவதில் பூவும் அதற்கு இணையாகவே நின்றது. இப்படித்தான் ஒரு வழக்கத்தைச் சோதிக்க வேண்டும். சோதித்தால் சில நிற்கும், சில விழும். சோதிக்காமலே எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைப்பதும் காலில் மிதிப்பதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள்.

பழைய வழக்கத்தில் இருந்து இன்றைய குவளைக்கு வராமல் போனவை சில உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். அதில் ஒரு காலவரை இருக்கிறது. பேறுகால இலேகியத்தைக் கிண்டியவர் இன்னார் என்று தெரியும். சுக்கும் திப்பிலியும் ஓமமும் பனைவெல்லமும் அவர் கண்முன் உரலில் விழுந்தவை. நெல்லிக்காய் அளவு உருண்டை என்று ஓர் அளவு இருந்தது. பெண்ணுக்கு வயிறு கெட்டால் மறுநாளே நிறுத்துவார். குவளைக்குக் காலவரை இல்லை. தீரத் தீர வாங்கச் சொல்வதே அதன் தொழில். கிண்டியவர் எங்கோ இருக்கிறார்.

அவர் எதைக் கிண்டினார் என்பதற்குச் சான்று கேட்டால் சங்கடம்தான். 2004இல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14 பொருள்களில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. 2008இல் இணையத்தில் வாங்கிய 193 பொருள்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படியே. நியூயார்க்கில் 2011, 2012 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து சென்ற மருந்துகளை உண்ட ஆறு கருவுற்ற பெண்களின் குருதியில் ஈயம் ஏறியிருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் பதிவு செய்தது. ஈயம் எலும்பில் போய்த் தங்கும். பாலூட்டும் காலத்தில் எலும்பின் சுண்ணாம்பு கரைந்து பாலுக்குச் செல்லும்போது அதுவும் உடன் செல்லும். குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. பற்பமும் செந்தூரமும் முறையறிந்த மருத்துவர் கையில் என்னாகும் என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. பாலூட்டுபவள் பெயர் தெரியாத சூரணத்தை உண்ணலாமா என்பதே நம் கேள்வி, அதற்கு விடை கூடாது என்பதே.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்துக்குள் சித்தமும் ஆயுர்வேதமும் 1964இல் கொண்டுவரப்பட்டன. அட்டவணையில் உள்ள பழைய நூலொன்றில் செய்முறை இருந்தால் அந்நூலே பெருஞ்சான்று. தமிழ் படித்தவர்கள் இதில் மகிழலாம். செய்யுளுக்கு இவ்வளவு சட்டப் பெறுமதி வேறெங்கும் இல்லை. ஆனால் அந்நூலின் ஏட்டில் பாடபேதம் எத்தனை, உரைகாரர் சொன்ன செடி எது, பாலூட்டுபவள் உண்ணலாமா என்றெல்லாம் உரிமம் வழங்குவோர் கேட்பதாகத் தெரியவில்லை. தேநீர்ப் பொடிகளோ உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணோடு கடைக்கு வந்துவிடுகின்றன. பால் பெருக்கும் என்று சொல்லும்போது மருந்து. கேள்வி கேட்டால் உணவு.

இவை எல்லாவற்றினும் நம்மை உறுத்துவது வேறொன்று. எம் துறையில் பணிபுரியும் இளம் ஆசிரியை ஒருவர் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது, ஐந்து மாதமாகத் தாம் உண்டுவந்த பொடிகளை மருத்துவரிடம் சொன்னதே இல்லை என்றார். ஏன் என்றோம். “சொன்னா சிரிப்பாங்க சார், இல்லேன்னா திட்டுவாங்க. வீட்ல மாமி கிட்ட மருத்துவர் வேண்டாம்னாங்கன்னு சொன்னா, அதுக்கும் சண்டை.” இப்படி இரண்டு பக்கமும் வாய் அடைபட்டவள் கையில்தான் அந்தக் குவளை இருக்கிறது. அவருக்குப் பால் உண்மையில் குறைவாக இருந்ததா என்று கேட்டால், பிள்ளை அழுதது, அதனால் எல்லாரும் குறைவு என்றார்கள் என்பதே விடை. பிள்ளை நாளைக்கு ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதைய எடையை மீட்டுவிட்டால் பால் போதுமானது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. முதல் நாட்களில் சீம்பால் சில கரண்டி அளவே சுரக்கும், அதுவே அப்பிள்ளைக்குப் போதும் என்றும் சொல்லவில்லை. பிள்ளை சப்பச் சப்பத்தான் சுரக்கும். அடிக்கடி மார்பில் இட்டு, சரியாகப் பற்ற வைத்து, தாய்க்கு வயிறார உணவும் வேண்டிய தண்ணீரும் கொடுத்து உறங்க விடுவது எந்தப் பொடிக்கும் முந்திய வைத்தியம். பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே சூரணத்துக்கு மட்டும் குறைவில்லை.

ஊர்தோறும் வரும் சுகாதாரச் செவிலியர் பிள்ளையின் எடையைக் குறிக்கும்போதே, வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் என்னென்ன தருகிறார்கள் என்று சிரிக்காமலும் திட்டாமலும் கேட்கலாம். மாமியாரை முன்னால் வைத்தே கேட்கலாம். பெரும்பாலும் சரியான விடை அவரிடம்தான் இருக்கும். பெயர் தெரியாவிட்டால் குவளையையே எடுத்துவரச் சொல்லலாம். உரைகல்லின் பக்கத்தில் இருக்கும் சிறு டப்பாவையும் சேர்த்து.